மலைவீட்டுப் புத்தக அலமாரி: 3,000 ரூபாய்க்குள் அழகாகவும் ஈரமில்லாமலும் அமைக்க முழு வழிகாட்டி

புத்தக அலமாரியை எப்படி அழகாக அடுக்குவது என்று தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் காய்ந்த ஊர்களில் எடுத்தவை. சுவரோடு ஒட்டிய அலமாரி, கண்ணாடிக் கதவு, விரல் நுழையாதபடி நெருக்கிச் செருகிய புத்தகங்கள், ஓரத்தில் தொங்கும் மணிபிளான்ட். அதே அலங்காரத்தைக் குன்னூரிலோ கொடைக்கானலிலோ செய்து பாருங்கள். ஐப்பசி அடைமழை முடிவதற்குள் கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும்.

நான் கோத்தகிரிக்காரி. உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார் வீடுகளில் அலமாரி அடுக்கித் தருவது எனக்குப் பிடித்த வேலை. மலைவீட்டைப் பொறுத்தவரை என் கட்சி ஒன்றுதான்: அலமாரிக்கு அழகு தருவதும் புத்தகத்தைக் காப்பாற்றுவதும் காலி இடம்தான். காலி இடத்துக்குக் காசு கிடையாது. அதனால்தான் இந்த வேலையைக் குறைந்த செலவில் செய்ய முடிகிறது.

மேல்வரம்பாக 3,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கு மேல் பலகைக்குப் போகட்டும். வர்ணம், விளக்கு, ஈரப்பதமானி ஆகியவற்றுக்கு மிச்சம். அலங்காரப் பொருள்களுக்கு என்று தனியாக ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1. முதலில் சுவரைப் பாருங்கள்

அலமாரியை விலை விசாரிப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணை அணைந்துதான் நிற்கும். அந்தச் சுவர் கோடையிலும் உள்ளே ஈரத்தைக் கசியவிடும். அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் புத்தகத்துக்கு அது ஆகாத சுவர். குளியலறையை அடுத்த சுவரும் அப்படித்தான்.

அடுத்தது மழை வரும் திசை. கூடலூர், தேவாலா பக்கமும் ஊட்டியின் மேற்குப் பகுதியும் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையில் நனையும். அங்கே மேற்குச் சுவர்தான் அடி வாங்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெரிது. இங்கே கிழக்கும் வடகிழக்கும் பார்த்த சுவர்களைத் தவிருங்கள். கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் மழை உச்சம். எந்த ஊராக இருந்தாலும் வீட்டின் நடுவே ஓடும் உள்சுவர் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. சமையலறை அலுமினியத் தாளில் ஓர் அடிச் சதுரம் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் ஈரம் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வேறு இடம் தேடுங்கள். அறைப் பக்கம் மட்டும் முத்து முத்தாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறப்பதிலும் இடைவெளி விடுவதிலும் அதைச் சமாளித்துவிடலாம்.

பழைய பங்களா வீடுகளில் கணப்பு இருக்கும். தினமும் எரியும் கணப்பென்றால் அதன் பக்கச்சுவர் அலமாரிக்கு அருமையான இடம். ஆனால் நெருப்புக்கு எதிரே ஓரிரு அடியில் வைக்காதீர்கள், பசை காய்ந்து அட்டை வளைந்துவிடும். எரியாத கணப்பு வேறு கதை: மூடாத புகைபோக்கி வழியாக மழைநீர் இறங்கி அந்தச் சுவரையே ஊறவைத்திருக்கும்.

வெயிலையும் கவனியுங்கள். குளிராக இருப்பதால் மலை வெயில் மென்மையானது என்று நினைக்கிறோம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக்கதிர் கூடும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஜன்னல் வெயில் படும் புத்தக முதுகு கோயம்புத்தூரைவிட வேகமாக வெளுக்கும். சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும்.

2. அலமாரி: செங்கல்லும் பலகையும் போதும்

கடையில் மலிவாகக் கிடைக்கும் துகள் பலகை அலமாரியை மலைக்கு ஏற்றவே வேண்டாம். மேல் தாள் ஓர் இடத்தில் உரிந்தால் போதும், உள்ளே இருக்கும் மரத்தூள் ஈரத்தை இழுத்துப் பொதபொதவென்று ஊதிவிடும். பிளைவுட்டில் செய்வதானால் ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரண ரகத்தைவிட, தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 ரகம் நல்லது. அதன் விலைக்கு நம் 3,000 ரூபாய் காணாது.

என் ஓட்டு செங்கல்லுக்கும் பலகைக்கும். ஆணி வேண்டாம், ஆசாரிக் கூலி வேண்டாம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம் இங்கே தாராளம் என்பதால் அறுத்த பலகை மர மில்லில் குறைந்த விலைக்கே கிடைக்கும். பலகையைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் இன்னும் பச்சை மரம், வீட்டுக்கு வந்தபின் முறுக்கிக்கொள்ளும். கூரைக்கடியில் ஓராண்டாவது காய்ந்த பலகையாகக் கேளுங்கள். பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் கதவுப் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை; அது வளைய வேண்டியதெல்லாம் எப்போதோ வளைந்து முடித்திருக்கும்.

வாங்க வேண்டியவை இவை. 3 அடி நீளம், 10 அங்குல அகலம், முக்கால் முதல் 1 அங்குலக் கனமுள்ள பலகை 4. செங்கல் 20. 16 அங்குல நீளமுள்ள ஹாலோ பிளாக் 2.

தரையில் இரண்டு ஓரமும் இரண்டிரண்டு செங்கல்லைப் படுக்கையாக அடுக்கினால் 6 அங்குலம். அதன்மேல் முதல் பலகை. அதன் இரு ஓரங்களிலும் ஹாலோ பிளாக்கைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டாவது பலகை. இந்தக் கீழ்த்தட்டு 16 அங்குல உயரம் இருப்பதால் அட்லஸ், ஆல்பம், ஃபைல் எல்லாம் இங்கே நிற்கும். அதற்குமேல் ஓரத்துக்கு நான்கு செங்கல் வீதம் வைத்து மூன்றாவது பலகை, அதேபோல் இன்னொரு முறை வைத்து நான்காவது பலகை. மொத்த உயரம் நாலு அடிக்குக் கொஞ்சம் மேல். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரில் பிடிக்காமல் அதற்குமேல் ஏற்றுவது ஆபத்து.

செங்கல் ஈரத்தை உறிஞ்சும். அதனால் செங்கல்லுக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு வையுங்கள். ஈரம் ஏறாது, பலகை வழுக்கவும் செய்யாது. சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

வீட்டில் தவழும் அல்லது ஏறும் குழந்தை இருந்தால் செங்கல் அலமாரி வேண்டாம். துளையிட்ட இரும்புச் சட்டத்தில் முடுக்கும் ரேக்கை வாங்கிச் சுவரோடு பிடித்துவிடுங்கள். பட்ஜெட் கொஞ்சம் தாண்டும், தாண்டட்டும்.

கையில் காசே இல்லையென்றால் பழம் வரும் மரப்பெட்டி. நீலகிரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் மண்டி, பழனி மலைக்காரர்களுக்கு ஒட்டன்சத்திரம் சந்தை. பெட்டிச் சட்டங்களுக்கு நடுவே இயல்பிலேயே இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாகப் போய்வரும். சிராய் குத்தாமல் இருக்க உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்கி, வாய்ப்பக்கம் முன்னே பார்க்கப் படுக்கவைத்தால் தட்டு தயார்.

3. நிறுத்துவது

சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். தரைக்கு மேல் 6 அங்குலம் ஏற்கெனவே செங்கல்லில் வந்துவிட்டது. இந்த இரண்டையும் செய்தாலே மலைவீட்டுப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பழைய வீட்டுத் தரை மட்டமாக இருக்காது. ரசமட்டம் இல்லாவிட்டால் போனிலேயே மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. சாய்வு தெரிந்தால் அடியில் மரச்சக்கை கொடுத்துச் சரி செய்யுங்கள். பளு ஏறிய பின் சரி செய்ய முடியாது: புத்தகம் ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 8 முதல் 12 கிலோ வரை நிற்கும், 3 அடித் தட்டு நிறைந்தால் சிமென்ட் மூட்டை கனத்தில் பாதிக்கு வந்துவிடும். பலகை 3 அடிக்கு மேல் போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சுவரில் பிடிப்பதானால் ஓர் எச்சரிக்கை. பழைய கல் வீடுகளிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டியிருப்பார்கள். துளை போட்டால் மண்ணாக உதிரும், பிளக் நிற்காது. சுவரின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை நாலைந்து இடத்தில் நீள ஸ்க்ரூ போட்டுப் பிடித்து, அதில் அலமாரியை எல் ஆங்கிளால் கோர்ப்பதே சரியான வழி.

4. நிறம்

மூடுபனி இறங்கிய பின்மதியத்தில் வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரியாது, சாம்பலாகத் தெரியும். சமவெளி வீட்டுக்கு வெள்ளை குளிர்ச்சி தரும். இங்கே ஏற்கெனவே குளிர்ச்சி வேண்டிய மட்டும் இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர்த்துண்டுக்கு மட்டும் காவியோ, மஞ்சள் கலந்த மண்ணிறமோ பூசுங்கள். ஒரு லிட்டர் டப்பா போதும். நம் அலமாரிக்கு முதுகுப் பலகை கிடையாது என்பதால் அந்த நிறம் புத்தகங்களுக்கு இடையிலும் மேலும் தெரியும், விலை உயர்ந்த அலமாரியின் தோற்றம் தானாக வரும். முதுகுப் பலகை இல்லாததற்குக் காரணம் காற்றுதான். அழகு அதன் உபரி.

பலகைக்கு உப்புத்தாள் போட்டு இரண்டு கை வார்னிஷ். செங்கல்லை வயர் பிரஷ்ஷால் தட்டித் தூசு போக்கினால் போதும், அதன் நிறமே நிறம்.

எண்ணெய் வர்ணமும் வார்னிஷும் ஈரக் காற்றில் காயாமல் பிசுபிசுக்கும். இந்த வேலையைத் தை முதல் பங்குனிக்குள் முடியுங்கள். விரலுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் இரண்டு வாரம் பொறுத்துப் புத்தகம் வையுங்கள். அவசரப்பட்டால் அட்டை பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

5. புத்தகங்களை இறக்கிப் பிரித்தல்

எல்லாவற்றையும் தரையில் பாய் விரித்து இறக்குங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து மோந்து பாருங்கள். ஈர வாடை, தாளில் பழுப்புப் புள்ளி, அட்டையில் வெண்படலம் என்று எது இருந்தாலும் தனிக் குவியல். அவை இப்போதைக்கு அலமாரி ஏறக் கூடாது.

மிச்சத்தைப் பிரிப்பதில் தமிழ்ப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் பதிப்பகங்கள் பெரும்பாலும் இரண்டே அளவில் அடிக்கின்றன: சுமார் 7 அங்குல உயரமுள்ள கிரவுன், எட்டரை அங்குலத்தை ஒட்டிய டெமி. 12 அங்குலத் தட்டில் டெமி நின்றால் மேலே மூன்றரை அங்குலம் மிஞ்சும். கை நுழைந்து எடுக்கவும் காற்று கடக்கவும் அது தாராளம். பாடப்புத்தகம், சமையல் நூல், ஆங்கிலப் பெரிய நூல்கள் கீழ்த்தட்டுக்கு.

பல வீடுகளில் இன்னொரு வகையும் இருக்கும். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பாட்டியோ அம்மாவோ காலிகோ துணி முதுகு போட்டு பைண்டிங் செய்து வைத்தவை. ஓரம் நைந்து, மையில் எழுதிய தலைப்பு மங்கியிருக்கும். இவற்றைப் பரணில் போட்டுவிட்டுப் புதுப் புத்தகத்தை முன்னால் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எந்தக் கடையிலும் வாங்க முடியாத நிறமும் வயதும் அவற்றுக்குத்தான் இருக்கின்றன. கண் மட்டத்துத் தட்டில், நடுவில் வையுங்கள்.

அட்டை கிழிந்த, நிறம் ஒவ்வாத புத்தகங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டதுபோலக் காக்கி அட்டை போட்டு, முதுகில் கறுப்பு மையில் தலைப்பை எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு காக்கி முதுகு வரிசையாக நின்றால் பளபளக்கும் அட்டைகளுக்கு நடுவே கண்ணுக்கு ஓர் இளைப்பாறல். பிளாஸ்டிக் அட்டை மட்டும் வேண்டாம், உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

6. அடுக்குவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

ஊட்டியில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம், கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் இன்றும் நடக்கிறது. உயர்ந்த கூரை, நெடிய ஜன்னல். காற்றுக்கு அங்கே இடம் இருக்கிறது. நம் வீட்டுக் கூரை தாழ்ந்தது, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியே வைத்திருப்போம். ஆகவே காற்றுக்கான இடத்தைத் தட்டிலேயே விட வேண்டும்.

ஒவ்வொரு தட்டிலும் நாலில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். எல்லாத் தட்டிலும் ஒரே பக்கம் விடாதீர்கள். முதல் தட்டில் வலது ஓரம், அடுத்ததில் இடது ஓரத்தை ஒட்டி, மூன்றாவதில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி என்று மாற்றி மாற்றி விட்டால் கண் மேலிருந்து கீழே வளைந்து இறங்கும். நேர்கோட்டில் காலி இடம் விட்டால் யாரோ புத்தகத்தை இரவல் வாங்கிப் போனதுபோல் இருக்கும்.

இரட்டை வரிசை கூடாது. பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை என்று வைத்தால் பின்வரிசை கண்ணிலும் படாது, காற்றும் படாது. பூஞ்சை அங்கேதான் முதலில் குடியேறும். இடம் போதவில்லையென்றால் இன்னோர் அலமாரி, அல்லது குறைவான புத்தகம்.

புத்தக முதுகுகளைப் பலகையின் முன்விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே, ஒரே கோட்டில் நிறுத்துங்கள். பின்பக்கம் தள்ளி ஒட்டவைக்காதீர்கள். ஒழுங்கான முன்கோடு ஒன்றே பாதி அழகைத் தந்துவிடும், பின்னாலும் இடைவெளி கிடைத்துவிடும். நெருக்கம் எவ்வளவு என்று கேட்டால்: ஒரு புத்தகத்தின் இரு பக்கமும் விரலால் பிடித்து இழுத்தால் தடங்காமல் வர வேண்டும். தலையில் விரல் போட்டு இழுத்தால்தான் வருகிறது என்றால் நெருக்கம் அதிகம். தளர்ந்து சாய்ந்தாலும் தப்பு, முதுகு கோணிக்கொள்ளும்.

நிற வாரியாக அடுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பதிப்பகங்களில் சில முதுகெழுத்தை மேலிருந்து கீழாகவும் சில கீழிருந்து மேலாகவும் அடிக்கின்றன. அதற்குமேல் பொருளும் கலந்துவிட்டால் கழுத்துச் சுளுக்கத் தேட வேண்டியதுதான். பொருள் வாரியாகப் பிரியுங்கள்: நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு, சமையல், பிள்ளைகளுடையது. அந்தந்தப் பிரிவுக்குள் உயரம், நிறம் பார்த்து முன்பின் மாற்றிக்கொள்ளலாம். எழுத்து ஓடும் திசை ஒத்துப்போகும் புத்தகங்களை அடுத்தடுத்து வைத்தால் வரிசை சட்டென்று அமைதியாகிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கனமானதும் கருத்த அட்டையும் கீழே, மெலிந்ததும் வெளிர்நிறமும் மேலே. ஒரு தட்டில் ஓரிடத்தில் மட்டும் ஐந்தாறு புத்தகங்களைப் படுக்கவைக்கலாம், அது நிற்கும் வரிசைக்கு முட்டாகவும் இருக்கும். அதற்குமேல் உயர்த்தினால் அடிப்புத்தகத்தை யாரும் எடுத்துப் படிக்கப்போவதில்லை. தட்டுக்கு ஒன்று என்று ஒரு புத்தகத்தை அட்டை தெரிய முன்பார்த்து நிறுத்துங்கள். படித்துக்கொண்டிருப்பதாக இருந்தால் மிக நல்லது, தானாகவே மாறிக்கொண்டிருக்கும்.

அடுக்கி முடித்ததும் எட்டி நின்று போனில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். எங்கே கருப்பாக அடைந்து கிடக்கிறதோ அங்கிருந்து நாலு புத்தகத்தை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். நிறம் மறைந்தால்தான் கனம் தெரியும்.

புத்தகம் சாயாமல் முட்டுக் கொடுக்கக் கடைக்குப் போக வேண்டாம். பரணில் கிடக்கும் கரி இஸ்திரிப் பெட்டி, அம்மிக்குழவி, பித்தளைப் படி, பழைய தராசுப் படிக்கல் எதுவானாலும் சரி. கல்லுக்கும் இரும்புக்கும் அடியில் துணி ஒட்டிவிடுங்கள்.

7. பொருள்கள்: தட்டுக்கு ஒன்று

அலங்காரத்துக்குக் காசு ஒதுக்க வேண்டாம் என்றேனே, மலை அதில் பெரும்பாலானவற்றை இலவசமாகவே தருகிறது. விழுந்து கிடக்கும் பைன் காய், சைப்ரஸ் காய், தைல மரத்தின் கிண்ணம் போன்ற கொட்டை. தோட்டத்திலோ வீட்டு வாசலிலோ விழுந்ததை எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய்ப் பொறுக்குவது சட்டப்படி தப்பு. அடுப்பருகே ஒரு வாரம் காயவைத்து, பூச்சி இல்லை என்று உறுதியான பிறகு மண்சட்டியில் குவித்து வைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் சந்தைகளில் விற்கும் சாகாப்பூ ஒரு கொத்து வாங்கினால் தண்ணீரில்லாமலே ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கும்.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படம் வீட்டில் யாருடைய போனிலாவது இருக்கும். அச்செடுத்துச் சட்டம் போட்டு வையுங்கள். அடுத்த பூப்பு 2030-ல்தான். தோடர் பூவேலைத் துணி ஒரு சின்னத் துண்டு கிடைத்தால் கொள்ளை அழகு. வெளிர் துணியில் சிவப்பும் கறுப்பும் என்று இரண்டே நிறம். அலமாரியின் எந்த நிறத்தோடும் மோதாது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. தோடர் பெண்களிடமே நேராக வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

வைக்கக் கூடாதவை: தொட்டிச்செடி, தண்ணீர்க் குவளை, பாசி படர்ந்த கல், எண்ணெய் விளக்கு. முதல் மூன்றும் ஈரத்தை வளர்க்கும், கடைசி புத்தகத்தையே கொளுத்திவிடும். பிளாஸ்டிக் பூ வேண்டவே வேண்டாம். நெகிழிப் பைக்கு நாட்டுக்கு முன்பே தடை போட்ட மாவட்டத்தில் அதை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பது அவமானம். ஜன்னலோர அலமாரியில் பளபளப்பான எதையும் வைக்காதீர்கள். குரங்கு எடுத்துக்கொண்டு போவதோடு நிற்காது, என்னவென்று பார்க்கத் தட்டு முழுவதையும் இறக்கும்.

8. வெளிச்சம்

மூன்று மணிக்கே மஞ்சு இறங்கி அறை இருண்டுவிடும் ஊரில் அலமாரிக்குத் தனி விளக்கு ஆடம்பரமில்லை. குறைந்த வாட் எல்.இ.டி. போதும், ஆனால் மஞ்சள் வெளிச்சமாகக் கேட்டு வாங்குங்கள். 2,700 முதல் 3,000 கெல்வின் என்று டப்பாவில் இருக்கும். வெள்ளை வெளிச்சம் மூடுபனி நாளில் அறையை ஆஸ்பத்திரியாக்கிவிடும். பலகையின் முன்விளிம்புக்கு அடியில், உள்பக்கம் பார்க்க எல்.இ.டி. பட்டையை ஒட்டினால் பல்பு கண்ணில் படாது, முதுகெழுத்து மட்டும் தெரியும்.

9. ஈரமும் பூச்சியும்

நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை நடுத்தட்டில் வையுங்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 65 முதல் 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். மழை விட்டு வெயில் தலைகாட்டும் ஒரு மணி நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவதைப்போல் மலிவான மருந்து இல்லை. மூடுபனி உள்ளே வரும் நேரத்தில் திறக்காதீர்கள்.

நம் திறந்த அலமாரிக்குச் சிலிகா ஜெல் பெரிதாக உதவாது. கதவுள்ள பழைய அலமாரி வைத்திருப்பவர்களுக்கு அது உயிர். ஆரஞ்சு நிறக் குருணையாகப் பார்த்து வாங்குங்கள்; நீல நிறத்தில் சேரும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு பச்சையானால் நிறைந்துவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் மெல்லிய தீயில் காய்ச்சினால் மறுபடி ஆரஞ்சாகும். துணிப்பையில் கட்டித் தட்டுக்கு ஒன்று. திறந்த அலமாரிக்காரர்கள் அந்தக் காசைச் சேமித்துக்கொள்ளலாம்.

பூச்சிகளில் ராமபாணப் பூச்சிதான் இங்கே பெரிய எதிரி. ஈரமும் இருட்டும் பசையும் இருந்தால் பெருகும். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வசம்பு வைப்பது நம் வழக்கம். துணியில் முடிந்து தட்டு ஓரத்தில் போடலாம், கெடுதல் இல்லை. அந்துருண்டை வேண்டாம்: குழந்தை வாயில் போட்டால் விஷம், சில குழந்தைகளுக்கு ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நீலகிரித் தைலத்தைத் தாளில் தெளிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எண்ணெய்க் கறை போகாது. வாசனை பிடித்திருந்தால் பஞ்சில் நனைத்துச் சின்னக் குப்பியில் போட்டு, புத்தகத்தில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து மூட்டையாக வாங்கிவருபவர்கள் நேராக அலமாரியில் ஏற்றாதீர்கள். காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் கோத்து, வேறு தொல்லை வரும்.

ஏற்கெனவே தனியாக வைத்த பூஞ்சைப் புத்தகங்களை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிழலில் காற்றாட விரித்துக் காயவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். வீசிங் உள்ளவர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

10. ஆண்டுக்கு இரண்டு முறை

அலமாரியைக் காலி செய்து துடைக்கத் தனியாகத் தேதி குறிக்க வேண்டியதில்லை. சரஸ்வதி பூஜைக்கு எப்படியும் புத்தகத்தை இறக்கப்போகிறோம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. பூஜைக்கு நாலு புத்தகம் மட்டும் எடுத்து வைக்காமல் மொத்தத்தையும் இறக்கி, பலகையை உலர்ந்த துணியால் துடைத்து, சுவரிடுக்கில் ஒட்டடை அடித்துவிட்டு, வசம்பை மாற்றி ஏற்றுங்கள்.

இரண்டாவது போகி. மழையும் நீர்ப்பனியும் முடிந்து உறைபனியும் காய்ந்த வெயிலுமாக இருக்கும் நேரம். மழைக்காலத்தில் ஏதேனும் பூஞ்சை பிடித்ததா என்று பார்க்கவும், இனிப் படிக்கப்போவதில்லை என்று தெரிந்ததைக் கழித்துக் காலி இடத்தை மீட்கவும் இதுவே தருணம். கழித்ததில் நல்லவற்றைக் கிளை நூலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பூஞ்சை பிடித்தவற்றைக் கொடுக்காதீர்கள், அங்கே இருக்கும் புத்தகங்களுக்கும் தொற்றிவிடும். அவை பழைய பேப்பர் கடைக்கு.